ஸ்டாம்ஃபோர்டுக்கு நாற்காலி இல்லை: சூப்பர்ஹீரோ நெருக்கடி ஆட்டம், நாள்பட்ட அனுபவம்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, அந்த சூப்பர்ஹீரோ நெருக்கடிப் பெட்டியைப் பாதி விலைக்குப் போட்டிருக்காங்க, வாங்கலாமா?" புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதைத் தள்ளிவிடுகிறார்கள், அவர் கேட்பது பழையதை. பாம்பனில் எங்கள் கூட்டம் இந்தப் பெட்டியைத் திறக்காத மீன்பிடித் தடைக்காலம் சமீபத்தில் இல்லை. அதனால் விரிவாகவே சொல்கிறேன், இடையில் கோபமும் வரும்.

எப்படி ஆடுவது என்று அவருக்குத் தெரியும், கல்லூரியில் மாதிரி ஐ.நா. மன்றத்தில், அதாவது மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடித்து விவாதிக்கும் கூட்டத்தில், உட்கார்ந்தவர்தான். முன்னறையில் குழு, பின்னறையில் நெருக்கடியை நடத்துகிறவர்கள், ஆளுக்கொரு பாத்திரம், அதற்கென்று சில அதிகாரங்கள், எல்லோர் முன்னாலும் வாக்குக்கு விடும் தீர்மானங்கள், யாருக்கும் காட்டாமல் பின்னறைக்கு அனுப்பும் ரகசியச் சீட்டுகள், நடுநடுவே வந்து விழும் அவசரச் செய்திகள். களம் மார்வெல் காமிக்ஸின் சிவில் வார். 2006இல் தொடங்கி அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்த, மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த அந்த 7 இதழ் கதை. 2016இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள் படத்தில் பதிவுச் சட்டத்தின் இடத்தில் வரும் சொகோவியா ஒப்பந்தம் எங்கே என்று தேடுவார்கள். இதில் அது கிடையாது, இது ஸ்டாம்ஃபோர்டு, கனெக்டிகட் மாநிலத்து ஊர், அங்கே நடக்கும் வெடிப்பில்தான் கதை தொடங்குகிறது.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானம் இருக்காது.

பதிவுச் சட்ட விவாதம். சக்தி படைத்தவர்கள் தங்கள் பெயரை அரசிடம் பதிய வேண்டுமா, முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று சொல்ல வேண்டுமா, பயிற்சி எடுத்து அரசாங்கத்தின் கீழ் வேலை செய்ய வேண்டுமா என்பதுதான் மொத்தச் சண்டையும். மதுரையில் கல்லூரிப் பிள்ளைகள் இதை ஆடிப் பார்த்திருக்கிறேன், தனிமனித சுதந்திரம், அந்தரங்க உரிமை என்று நன்றாகவே பேசினார்கள். எங்கள் மேசையில் அது வேறு மாதிரி ஓடியது. சட்டத்தை ஆதரிக்கும் டோனி ஸ்டார்க்காக, அதாவது அயர்ன் மேனாக, உட்கார்ந்தவர் விசைப்படகு வைத்திருப்பவர். அவர் சொன்னார்: "நான் கடலுக்குப் போகணும்னா மீன்வளத் துறையில டோக்கன் வாங்கணும், படகுக்கு நம்பர் இருக்கணும், 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் கைரேகை எடுத்து அடையாள அட்டை வேற கொடுத்தாங்க. மீன் பிடிக்கிறவனுக்கே இவ்வளவுன்னா, ஒரு ஊரையே சாம்பலாக்கக்கூடியவன் பேரை எழுதி வச்சா என்ன தப்பு?" சட்டத்தை எதிர்க்கும் கேப்டன் அமெரிக்காவாக இருந்த நாட்டுப்படகுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "அட்டையும் இருந்துச்சு, நம்பரும் இருந்துச்சு. நடுக்கடல்ல பிடிச்சுக்கிட்டுப் போனப்ப அது யாரைக் காப்பாத்துச்சு, மாமா?" இரண்டு பேரும் நிஜத்தில் கடல்நாள் பங்கீட்டில் எதிரெதிர்ப் பக்கம், திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பல வருடமாக ஓடும் ஏற்பாட்டில் இவர்களுக்குள் தீராத கணக்கு உண்டு. அன்றைக்கு வாக்கெடுப்பை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு வாதத்தை வரவழைக்கும் ஆட்டத்தை எவனும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று நேமோர். ஸ்டாம்ஃபோர்டில் நைட்ரோ என்ற வில்லன் வெடித்தபோது இறந்த நியூ வாரியர்ஸ் என்ற இளம் ஹீரோக்கள் அணியில் நமோரிட்டாவும் உண்டு, கடலடி நாடான அட்லாண்டிஸின் அரசன் நேமோருக்கு உறவு முறை. அதனால் அவனுக்கும் குழுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள், சரியான முடிவு. பாத்திரத் தாளில் படை, கடல் விலங்குகள், வெள்ளம் என்று அதிகாரங்களை அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் நேமோர் தங்கச்சிமடத்துப் பையன், விசைப்படகு டிரைவர். அவன் படையைத் தொடவே இல்லை. முதல் ரகசியச் சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: கடலில் எல்லைக் கோடு போடு, தாண்டி வரும் மீன்பிடிப் படகைப் பிடி, ஆட்களைக் கொஞ்ச நாளில் விட்டுவிடு, படகை விடாதே. பின்னறையில் இருந்தவர்கள் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்தடுத்த அவசரச் செய்திகளில் கனெக்டிகட் கரையோரம் முழுக்கப் படகு உரிமையாளர்கள் சாலை மறியல், ஆளுநர் வீட்டு வாசலில் கூட்டம், கடன் கட்ட முடியாத குடும்பங்கள். வாஷிங்டன் தரப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அயர்ன் மேன் இருந்தான், ஷீல்டு என்ற உளவு அமைப்பு இருந்தது, இதற்குப் பதில் இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றியும் கச்சத்தீவைப் பற்றியும் டீக்கடையில் கேட்டே வளர்ந்த பையனுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ரகசியச் சீட்டு என்ற ஏற்பாடு அவ்வளவு நல்லது, ஆடுகிறவனுக்குத் தெரிந்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் எப்போது பெட்டியைத் திறந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஸ்டாம்ஃபோர்டுக்காரர்களுக்கு இந்தக் குழுவில் நாற்காலி கிடையாது.

யோசித்துப் பாருங்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சண்டை போடப் போன இளம் ஹீரோக்களின் பேராசையில், ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வெடிப்பு, 600க்கும் மேற்பட்டவர்கள் சாவு, அதில் குழந்தைகள். அதற்காகத்தான் சட்டமே வருகிறது, குழுவே கூடுகிறது. அந்தக் குழுவில் டோனி ஸ்டார்க் இருக்கிறார், விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் இருக்கிறார், ஷீல்டின் மரியா ஹில், செனட்டர்கள், வகாண்டாவின் அரசன் டி'சல்லா, கடலுக்கடியிலிருந்து ஓர் அரசன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

மூலக்கதையே இப்படி இல்லை என்பதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. அதில் மிரியம் ஷார்ப் இருக்கிறார், ஸ்டாம்ஃபோர்டில் மகனை இழந்த தாய். முதல் இதழிலேயே டோனி ஸ்டார்க்கின் முகத்தில் காறித் துப்புகிறவர் அவர், பதிவுச் சட்டத்துக்காகப் போராடும் முகமும் அவர்தான். கடைசி இதழில் கேப்டன் அமெரிக்கா ஜெயிக்கப் போகும் நேரத்தில் அவரைப் பிடித்து இழுத்து நிறுத்துவது இன்னொரு ஹீரோ இல்லை, தீயணைப்பு வீரர்களும் மருத்துவப் பணியாளர்களும் மாதிரியான சாதாரண மனிதர்கள். அப்போதுதான் அவர் சுற்றிலும் இடிந்து கிடக்கும் ஊரைப் பார்க்கிறார், சரணடைகிறார். முகமூடி இல்லாதவர்கள் தொடங்கி வைத்து, முகமூடி இல்லாதவர்களே முடித்து வைத்த கதை அது. இதை எடுத்து ஆட்டம் செய்தவர்கள் மிரியம் ஷார்ப்பை என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு செய்திச் சீட்டு. "இறந்த சிறுவனின் தாய் ஊடகங்களைச் சந்திக்கிறார், சட்டத்துக்கு ஆதரவு இரண்டு புள்ளி கூடும்." அவ்வளவுதான். இரண்டு புள்ளி!

அந்தச் சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாங்களே அவருக்கு ஒரு பாத்திரத் தாள் எழுதினோம். படை கிடையாது, பணம் கிடையாது. அதிகாரங்கள் மூன்று: அவர் பேசும்போது நேரக் கெடு கிடையாது, பத்திரிகைகளை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், எந்தத் தீர்மானத்தையும் ஒருமுறை நிறுத்தி வைக்கலாம். மகளிர் குழுக் கணக்கெல்லாம் பார்க்கும் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் அந்தப் பாத்திரத்தை எடுத்தார். காமிக்ஸ் படித்தவர் இல்லை, சின்ன வயதில் அண்ணன் வைத்திருந்த இரும்புக்கை மாயாவி மட்டும் கொஞ்சம் தெரியும் என்றார்.

எல்லோரும் அவர் அழுவார், சட்டம் வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து கேட்ட முதல் கேள்வி, உடம்பு கிடைக்காதவர்களை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள் என்பது. அறையில் யாரிடமும் பதில் இல்லை. எங்கள் கரையில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர் ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதுவரை அந்த வீட்டுப் பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் கைக்கு வராது, அது இல்லாமல் காப்பீட்டிலிருந்து பெயர் மாற்றம் வரை எதுவும் நகராது. 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்த அரசு தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. நைட்ரோ வெடித்த இடத்தில் எத்தனை உடல் கிடைத்திருக்கும்? கதையைப் பலமுறை படித்த நான் அதை நினைத்துப் பார்த்ததே கிடையாது, படித்த வேறு யாரும் நினைத்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

ரீட் ரிச்சர்ட்ஸ் பேச்சை 42ஆம் எண் சிறைக்குத் திருப்பப் பார்த்தார், பதிய மறுக்கும் ஹீரோக்களை அடைக்க நெகட்டிவ் ஸோன் என்ற வேற்றுலகில் கட்டும் சிறை. அக்கா விடவில்லை. "வேற உலகத்துல சிறைக்கு இடம் கண்டுபிடிச்சிட்டீங்க, இந்த உலகத்துல ஒரு சான்றிதழுக்கு வழி இல்லையா?" அதோடு சட்டத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். காணாமல் போனவர்களை அங்கீகரிப்பது, நிவாரணம், பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுவது முதல் சட்டம். பதிவு இரண்டாவது. முதலாவது நிறைவேறும்வரை இரண்டாவதை மேசைக்கே வரவிட மாட்டேன் என்று தன் நிறுத்தும் அதிகாரத்தை அதில் போட்டார். கேப்டன் அமெரிக்காவும் டோனியும் ஒரே பக்கம் வாக்களித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னறையில் இருந்த எங்களுக்கு அவசரச் செய்தி எழுத ஓடவில்லை, ஏனென்றால் பெட்டி கொடுத்த கால வரிசையில் இப்படி ஒரு திருப்பத்துக்கு இடமே இல்லை.

இதையெல்லாம் எழுதி, தாளையும் ஸ்கேன் செய்து தயாரிப்பாளர்களுக்கு அனுப்பினேன். இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள், யார் பெயரும் வேண்டாம் என்றுதான் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று. அடுத்த பதிப்பு வந்தது. இன்னும் இரண்டு ஹீரோக்கள், பளபளப்பான அட்டை, உலோகக் காசுகள். மிரியம் ஷார்ப் இன்னமும் செய்திச் சீட்டுதான். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு விற்கிறார்கள், பிள்ளையை இழந்த தாயாகப் பதினைந்து வயதுப் பெண்ணை உட்காரச் சொல்வது லேசான விஷயம் இல்லை, சரியாக நடத்தத் தெரியாத இடத்தில் அது புண்படுத்தவும் செய்யும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிக் கூச்சப்படுகிறவர்கள் அந்தத் துக்கத்துக்கு இரண்டு புள்ளி என்று விலை போட்டிருக்கக் கூடாது. ஒரு தீயணைப்பு வீரரையாவது, ஒரு பள்ளித் தலைமை ஆசிரியரையாவது உட்கார வைத்திருக்கலாம், கதையிலேயே ஆள் இருக்கிறார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். தகரப் பெட்டி எங்கள் உப்புக் காற்றில் ஒரு வாடைக்காலத்தையே தாங்கவில்லை, மூலையெல்லாம் துரு, சட்டையில் குத்தும் பின்னும் துரு, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டோம். தாள்களை லேமினேட் செய்யாவிட்டால் ஈரத்தில் சுருண்டுவிடும். பின்னறைக்கு ஆள் குறைந்தால் சீட்டுகளுக்குப் பதில் தாமதமாகும், முன்னறை தூங்கிவிடும், அங்கே வேகமாக எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். நேமோரின் தாளில் வெள்ளம் வரவழைக்கும் அதிகாரத்தை நீக்கிவிடுங்கள், ஆட்டத்தை அது ஒன்றே முடித்துவிடும்.

சரி, தம்பிக்குப் பதில். வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம், கால் விலைக்கு வந்தாலும் வேண்டாம். ஸ்டாம்ஃபோர்டை இரண்டு புள்ளியாக்கியவர்களுக்கு உங்கள் காசு போக எனக்கு மனம் இல்லை. எங்கள் பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள், மிரியம் ஷார்ப்பின் தாள் உள்ளேயே இருக்கிறது, கீழக்கரையில் அதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் நன்றாக யோசித்துக் கொடுங்கள். ஏப்ரல் 15க்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும், அன்றைக்குத் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை எங்களுக்கு அது தினமும் வேண்டும்.