68,500 ரூபாய்க்கு ஒரு குழி: வீட்டில் குளம் கட்ட நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு, எங்கள் வீட்டில் குளம் கட்டிக் கொடுத்த ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அடங்கினால் "போகட்டும் விடு" என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். போனது 68,500 ரூபாய். இருபது மாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். எந்த வீட்டுக்கு எந்த வகைக் குளம் சரிப்படும், என்னென்ன கேட்டு வாங்கணும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகத் தருகிறேன். முதலில் நடந்தது.

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் சும்மா கிடந்தது. ஒரு கொய்யா மரம், துணி காயப்போடும் கம்பி, அவ்வளவுதான். ஆறாவது படிக்கும் பையனுக்குக் கோய் என்கிற வண்ணக் கெண்டை மீன் மேல் பைத்தியம். எனக்கு அல்லி. வீட்டுக்காரருக்கு இரண்டும் வேண்டாம், சாயங்காலம் தண்ணி விழுகிற சத்தம் கேட்டால் போதும். வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு ஆப்பில் தேடினேன். பெயரைப் போட்டால் இந்தப் பதிவே நிற்காது என்று தம்பி சொல்கிறான், அதனால் போடவில்லை. தோட்டக் குளம் அமைப்பவர் என்று நாலே முக்கால் நட்சத்திரத்தோடு ஒருவர் கிடைத்தார்.

அவர் வந்த அந்த முதல் நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். துளசி மாடத்தைப் பார்த்ததும் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வந்தார். மண்ணை ஒரு கை அள்ளி உதிர்த்துப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, கொய்யாவை மட்டும் வெட்டிராதீங்க, காய்க்கிற மரம்" என்றார். விழுந்துவிட்டேன். மரத்தின் மேல் இத்தனை கரிசனம் உள்ள ஆள் நம்மை ஏமாற்றுவாரா? இலையும் பழமும் விழுந்து தண்ணி அழுகும், வேர் குளத்துக்குள் முட்டும், அதனால் மரத்தைவிட்டுத் தள்ளித்தான் குளம் வெட்டணும் என்று இப்போது எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்த ஆள் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். இவர் மரத்தடியிலேயே கயிறு கட்டி அளந்தார்.

கோய் விடலாமா என்றேன். "ஆகும்ங்க." அதிலேயே அல்லி வைக்கலாமா? "ஆகும்ங்க." ஓரத்தில் சின்னதா அருவி மாதிரி? "தாராளமா ஆகும்ங்க அக்கா." நாங்கள் மூன்று பேர் மூன்று வேறு குளத்தைக் கேட்டோம், அவர் ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்கணும். கோய் வளர்ந்தால் இரண்டடி வரும், அல்லித் தொட்டியின் மண்ணைக் கிளறி கிழங்கையே பிடுங்கிப் போடும். அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் அசையாத தண்ணியும் வேண்டும், இலை மேல் அருவி தெறித்துக்கொண்டே இருந்தால் சரியாக வளராது. ஒரே குழியில் இவை மூன்றும் சேராது. "எதுக்குக் குளம்?" என்று கேட்காமல் ஒருவர் அளவு எடுக்க ஆரம்பித்தால், தயவுசெய்து டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் டீயோடு பணமும் கொடுத்தேன்.

நீளம் 10 அடி, அகலம் 8, ஆழம் 3. "இறக்குமதி ஈபிடிஎம் ரப்பர் ஷீட், இருபது வருஷம் கவலை இல்லை" என்றார். மொத்தம் 72,500 என்று கரண்ட் பில் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "ஆப் வழியாப் போட்டா கமிஷன்லயே போயிரும், நேரா என் நம்பருக்குப் போட்டீங்கன்னா நாலாயிரம் குறைச்சுக்கறேன்." முன்பணம் 40,000 அன்றைக்கே போட்டேன். வேலை முடிந்த நாளில் 28,500. இரண்டும் சேர்ந்து 68,500. ரசீது கேட்டதற்கு, "வாட்ஸ்அப்ல இருக்குதல்லங்க அக்கா, அதைவிட என்ன ரசீது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலு நாளில் வேலை முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் கார்ப்பரேஷன் குழாயை நேராகக் குளத்தில் திறந்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கோய்க் குஞ்சுகளைப் பாலித்தீன் பையிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். பையன் துள்ளினான். மறுநாள் காலையில் இரண்டு மிதந்தன. ஒன்பதாம் நாள் ஒன்று மட்டும் மிச்சம்.

போன் போட்டேன். "மீன் உயிருள்ள ஜீவன், அதுக்கெல்லாம் வாரண்டி தர முடியுமாங்க மேடம்?" கவனித்தீர்களா, பணம் போகும்வரை அக்கா, அதற்கப்புறம் மேடம்.

அதற்குள் குளத்தில் தண்ணி இறங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண். "சித்திரை வெயிலுங்க, ஆவியாகுது" என்றார். வீட்டுக்காரர் ஒரு பக்கெட்டில் தண்ணி நிறைத்து, குளத்து ஓரத்தில் வைத்து, இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். மறுநாள் பக்கெட்டில் இறங்கியது ஒரு நகக்கண் அளவு, குளத்தில் ஒரு சாண். அதைப் படம் எடுத்து அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அப்புறம் "செவ்வாய்க்கிழமை பையன் வருவான்." செவ்வாய் போனது. "கல்யாண சீசன், ஆள் இல்லை." அடுத்த செவ்வாய். "ஷீட்டு கம்பெனி சமாச்சாரம் மேடம், நீங்க சப்ளையர்கிட்டப் பேசிக்கங்க." சப்ளையர் நம்பர் கேட்டால், "அனுப்பறேன்." இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

ஆப்புக்குப் புகார் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் இந்த வேலை எங்கள் கணக்கிலேயே இல்லை என்றாள். அந்த நாலாயிரம் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் தொழில் செய்யும் என் சித்தி மகன் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். குளத்தைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ஓரக் கல்லைப் புரட்டி ஷீட்டின் வெட்டுமுனையைக் கிள்ளினான். நூல் நூலாகப் பிரிந்து வந்தது. "அக்கா, இது லாரி மேல போடுற தார்ப்பாய்" என்றான். ரப்பர் ஷீட்டாக இருந்தால் நூல் வராது, இழுத்தால் நீண்டு திரும்ப வரும், ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றான். ஒரு மட்டத்துக்குக் கீழே தண்ணி இறங்காமல் நின்றிருந்தது. ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கும் என்று விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தான். ஷீட்டுக்கு அடியில் மணலோ, பழைய கம்பளமோ ஒன்றும் விரிக்கவில்லை. கூர்கல் ஒன்று அடியிலிருந்து குத்தியிருந்தது.

மீன் செத்ததற்கு அவன் அடுக்கிய காரணங்களைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழாய்த் தண்ணியில் குளோரின். அருவிக்குப் பூசிய சிமெண்ட் காயக்கூட இல்லை, அதன் சுண்ணாம்பு கரைந்து தண்ணியில் காரம் ஏறியிருக்கும். கொளத்தூரில் புது சிமெண்ட் தொட்டி கட்டினால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணியை நாலைந்து தடவை மாற்றின பிறகுதான் மீன் விடுவார்களாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் பிடிக்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். எங்களுக்கு ஃபில்டரே இல்லை, ஒரு பஞ்சு மட்டும்தான். குளம் பிடிப்பது கிட்டத்தட்ட 6,800 லிட்டர். அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மொத்தத் தண்ணியும் ஃபில்டர் வழியாகச் சுற்றி வரணும். அவர்கள் வைத்த மோட்டார் மணிக்கு 1,000 லிட்டர். மேசை மேல் வைக்கிற அலங்கார ஃபவுண்டனுக்கு உள்ளது.

போன வாரம் கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்து கரண்டியால் மொண்டு காட்டினார், நெளிந்தது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், இன்றைக்கே இறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதிக்கொண்டு போகணும் என்றார். இறைத்தோம். இப்போது கொல்லையில் இருப்பது தார்ப்பாய் விரித்த ஒரு குழி. 68,500 ரூபாய்க் குழி. மாமியார் பொள்ளாச்சிக்காரர். "எங்கூட்டு மாட்டுத்தொட்டி நாப்பது வருசமாத் தண்ணி நிக்குது" என்று தினம் ஒருமுறை சொல்லிவிடுகிறார்.

நேற்று ராத்திரி கடைசியாகக் கூப்பிட்டேன். பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "மேடம், குளம் கட்டிக் கொடுத்தேனா இல்லையா?" என்றார். அதற்குப் பிறகு பிளாக்.

விவரமாகத் தருகிறேன் என்றேன், தலை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்லி மட்டும்தான் ஆசை என்றால் கிணற்று உறை ஒன்றை வாங்கி அடியைப் பூசி, நன்றாக வெயில் விழும் இடத்தில் வையுங்கள், நாலு கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும், மோட்டாரே வேண்டாம். கோய்தான் வேண்டும் என்றால் ஆழமும் பெரிய ஃபில்டரும் 24 மணி நேரக் கரண்டும் வேண்டும், மூன்றையும் யோசித்துவிட்டு இறங்குங்கள். வாடகை வீடு என்றால் ஃபைபர் தொட்டி, காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போகலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எந்தக் குளமும் வேண்டாம், அரையடித் தண்ணியும் ஆபத்து. ஷீட் என்றால் விரிப்பதற்கு முன் முனையை நீங்களே கிள்ளிப் பாருங்கள். தண்ணி நிறைத்து ஒரு வாரம் மட்டம் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஆப்பில் பிடித்த ஆளுக்கு ஆப்புக்கு வெளியே பணம் போடவே போடாதீர்கள்.

காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அதில் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே போகலாமாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட், சாக்பீஸ் கோட்டுப் படம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மணிக்கு 1,000 லிட்டர் என்று அச்சடித்த மோட்டார் அட்டைப்பெட்டியை மட்டும் காணோம். பழைய பேப்பரோடு போட்டிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது, கடைக்காரர் எட்டரைக்குத்தான் திறப்பார், போய்ப் பார்க்கணும்.