முகமா, கையா, முதுகா: வேலூர்த் தெருக்களில் எடுத்த சில உருவப்படங்கள்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரே காலையில் எடுத்த இரண்டு படங்கள் என் மேசைமீது கிடக்கின்றன. ஒன்றில், இலவம்பாடி முள் கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்கும் வயதான அம்மாள் ஒருவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். மற்றொன்றில் அவருடைய கைகள் மட்டும் இருக்கின்றன. காம்பின் முள் குத்திவிடாதபடி இரண்டே விரல்களால் காயைப் பிடித்துத் திருப்பி, சொத்தை இருக்கிறதா என்று பார்க்கிற கைகள். இவற்றில் எது அவருடைய உருவப்படம் என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் முதலாவதைத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

முகத்தின் பக்கம் நிற்பவர்களுக்கு நம் வட்டாரமே சாட்சி சொல்லும். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படும்போதுதான் திருவிழா உச்சம் கொள்கிறது. வெட்டுண்ட ரேணுகையின் தலை வேறோர் உடலில் சேர்ந்த பிறகும் அவளை ரேணுகை என்றே கும்பிடுகிற மண்ணில், தலை யாருடையதோ ஆளும் அவரே என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண் தெரிகிற படத்தின் முன் பார்ப்பவர் சற்று நேரம் நின்றுவிடுகிறார் என்பதும் உண்மை.

ஆனால் முகம் எளிதில் கிடைப்பதில்லை. அனுமதி கேட்ட மறுகணமே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு, ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்துப் போகிறவர்களே நம் ஊரில் அதிகம். அந்த விறைப்பு தளரும்வரை பேச்சுக் கொடுத்துக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். என்னிடம் அது பாதி நாள் இருப்பதில்லை. கத்திரி வெயிலில் இன்னொரு தடையும் உண்டு. உச்சிவேளையில் ஒளி தலைக்கு நேர் மேலிருந்து விழுவதால் புருவத்தின் நிழலில் கண்கள் இரண்டு கருங்குழிகளாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் முகம் வேண்டுமென்றால், கோட்டை வாயிலின் நிழலுக்குள் யாராவது நுழைந்து, எதிரே வெயில் பட்ட தரையிலிருந்து எழும் ஒளி அவர் முகத்தில் மெல்லப் படியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேட்காமலே எடுக்கப்படும் முகத்தைப் பற்றி எனக்குள்ள தயக்கம் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் உருவானது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மருத்துவத்துக்காக வந்து விடுதிகளில் நாள்கணக்கில் தங்கியிருப்பவர்கள் அங்கே நடமாடுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய முகத்தை வெளியிடுவது, சொந்த ஊரில் அவர் யாரிடமும் சொல்லாத நோயைப் பறைசாற்றுவதாக முடியக்கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டாலும், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு பெங்காலி எழுத்துள்ள கடைப்பலகையின் கீழே நிற்கும் ஒருவரைப் பின்னாலிருந்து எடுப்பதே அங்கே நேர்மையானது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். உலகமே அறிந்த அந்த முகத்துக்கு உரியவர் யார் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அதே படத்தில் தாயின் இரு தோள்களிலும் சாய்ந்திருக்கும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் தாயின் முகத்துக்கு இந்தக் கனம் வந்திருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்காக முதுகையெல்லாம் கலை என்று ஒப்புக்கொள்ள முடியாது. முகம் இல்லாத படங்களில் பாதிக்கு மேல் எடுப்பவரின் கூச்சத்தால் விளைந்தவை. என் பழைய படங்களே அதற்குப் போதிய சான்று. நிழலுருவங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோட்டை அகழியோரம் மாலையில் யாரை நிறுத்தினாலும் அழகான நிழலுருவம் கிடைக்கும். யாரை நிறுத்தினாலும் கிடைக்கும் என்பதே அதன் குறை.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே: படத்தில் இருப்பவரைத் தினமும் பார்க்கிற ஒருவர், முகம் இல்லாமலே அவரை அடையாளம் சொல்ல வேண்டும். லாங்கு பஜாரில் மூட்டை சுமப்பவரின் முகம் மூட்டையின் கீழே மறைந்தே இருக்கிறது. அவரை நிறுத்தி நிமிரச் சொன்னால் முகம் கிடைக்கும், சுமை போய்விடும். ஆனால் வளைந்த இடது தோளும் அவர் தலைச்சும்மாட்டைச் சுருட்டுகிற தினுசும் படத்தில் இருந்தால் பக்கத்துக் கடைக்காரர் பெயரைச் சொல்லிவிடுவார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குனிந்தபடியே பீடி சுற்றுகிற பெண்களுக்கும் இது பொருந்தும். இலையை வெட்டுவது, தூளை வைத்துச் சுருட்டுவது, நுனியை மடிப்பது, நூலைக் கட்டுவது என்று ஒவ்வொரு கைக்கும் தனி வேகமும் தனி வழக்கமும் இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்த முகத்தில், வேலையை இடையில் நிறுத்திய ஒருவரின் சங்கடம் மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே வேலையில் மூழ்கியிருப்பவர்களுக்குக் கையும், வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகமும் என்று ஏறக்குறைய வகுத்துக்கொண்டிருக்கிறேன். இதை மீறி நல்ல படங்கள் அமைந்ததும் உண்டு.

இரண்டு பிரதிகளையும் மறுவாரம் கத்தரிக்காய் அம்மாளிடம் கொண்டுபோனேன். பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த அவருடைய மகள் கைப்படத்தைப் பார்த்ததுமே, “எங்கம்மா கை” என்று வாங்கிக்கொண்டார். அம்மாளோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மூஞ்சி இருக்கிறத குடு தம்பி. நாளைக்கு நான் போனா மாலை போட வேணும் இல்ல?” என்று முதல் படத்தை எடுத்து முந்தானையில் சுற்றி, தராசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.