மிரளும் குதிரை: ஏறி உட்கார்ந்து ஓட்டுவதா, கீழே நின்று பழக்குவதா?

வேலூர், ஆற்காடு பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடம் "சவாரியில் மிரளுது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். இறங்காதே, குதிகாலை அழுத்தி அந்த இடத்தைத் தாண்டு என்பது ஒன்று. பழகிய குதிரையை முன்னால் விட்டு அதன் பின்னால் போ என்பது இன்னொன்று. கண்ணுக்குப் பட்டை கட்டு, கொள்ளுத் தீனியைக் குறை, கயிற்றில் சுற்றவிட்டுக் களைக்க வைத்துவிட்டு ஏறு என்பது மூன்றாவது. இவை தவிர, குதிரையிலிருந்து இறங்கி, தரையில் நின்று, அது பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் வழியும் உண்டு. பாலாற்றங்கரையில் நாங்கள் வளர்க்கும் மார்வாரி இனப் பெட்டைக்கு இந்த நான்காவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்னாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நேற்றுவரை ஒழுங்காகப் போன குதிரை திடீரென்று மிரள ஆரம்பித்தால் கண், பல், வயிற்றுப்புண், முதுகை அழுத்தும் சேணம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வலி இருக்கும்வரை எந்தப் பழக்கமும் ஏறாது.

குதிரை ஏன் மிரள்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வு அதைப் பொறுத்ததுதான். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி சுமார் 65 பாகைதான். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டிட அது தலையைத் தூக்கி அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும். லகானை இறுக்கிப் பிடித்துவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும். அதனால்தான் நல்ல வெயிலில் வந்த குதிரை புளியமரத்து நிழலுக்கும் ரயில்வே சுரங்கப்பாதைக்கும் முன்னால் நின்றுவிடுகிறது. ஒரே பொருளை வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்குப் புதுப் பொருள் போலத் தெரியலாம். போகும்போது சும்மா கடந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்து வரும்போது மிரண்டால், அது வேண்டுமென்றே செய்யும் அடம் இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். பட்டை, கொள்ளு, களைக்க வைப்பது பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. தானியத்தை அளவாக வைத்துப் புல்லைக் கூட்டினால் சில குதிரைகள் அடங்கும், அதைச் செய்வதில் தவறில்லை. களைக்க வைப்பது நாளுக்கு நாள் குதிரையின் மூச்சுத் திறனைத்தான் வளர்க்கும். நேற்று களைத்த நேரம் இன்று போதாது. கண்பட்டையை ஜட்கா வண்டிகளில் பார்த்திருக்கிறேனே தவிர, சவாரிக் குதிரையில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. வண்டிக்கு அது பொருந்துகிறது. சவாரியில், மேடு பள்ளமான ஆற்றுப் படுகையில், பார்வையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஏறுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கால் தடுமாறும் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது மிரளும் குதிரையைவிட ஆபத்து.

பழகிய குதிரையின் பின்னால் போவது உண்மையிலேயே நல்ல வழி. டென்மார்க்கில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அமைதியான துணையோடு பயமுறுத்தும் பொருளைச் சந்தித்த இளங்குதிரைகள் குறைவாக மிரண்டன. பிறகு தனியாக விட்டபோதும் அந்தப் பலன் கொஞ்சம் நின்றது. ஆனால் நம் பக்கம் சிக்கலே அந்தத் துணை கிடைப்பதில்தான். ஒற்றைக் குதிரை வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். இரவல் கேட்டு வாங்கும் குதிரை நிஜமாகவே அமைதியானதா என்பதும் போகப் போகத்தான் தெரியும். அதுவும் மிரண்டால் பயம் இரட்டிப்பாகும். கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மீதி இருப்பவை இரண்டு: ஏறி ஓட்டித் தாண்டுவதும், இறங்கிப் பழக்குவதும். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

ஏறி ஓட்டுபவர்கள் சொல்லும் நியாயம் எளிதானது. "நீ எறங்குனா அது கத்துக்கும்பா, நாளைக்கு ஒவ்வொரு கல்லுக்கும் நிக்கும்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. எந்த நொடியில் அழுத்தம் நீங்குகிறதோ, அந்த நொடியில் செய்துகொண்டிருந்ததைத்தான் குதிரை கற்றுக்கொள்ளும். துள்ளும்போது இறங்கினால் துள்ளக் கற்கும். நின்று மூச்சு விட்டபின் இறங்கினால் நிற்கக் கற்கும். இதே விதி அவர்களுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மிரண்ட குதிரையைக் குதிகாலால் நெருக்கி, அது ஒரு அடி முன்னால் வைத்த அதே கணத்தில் காலைத் தளர்த்த வேண்டும். அரை நொடி பிந்தினால், பேனர் பக்கத்தில் போனால் வலிக்கும் என்பதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்போம். துள்ளும் முதுகின்மேல் இருந்துகொண்டு அந்தக் கணத்தைப் பிடிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த வழி வேகமாகவே பலிக்கும், ஆள்பலமும் வேண்டாம். நடுச்சாலையில் லாரி வரும்போது வேறு வழியும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேகம் இல்லை. ஆள் மாறினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்விதான். நம் ஊரில் ஒரு குதிரைக்கு ஒரே சவாரிக்காரர் என்பது கிடையாது. காலையில் நான் ஏறுவேன், விடுமுறைக்கு அக்கா மகள் ஏறுவாள், லாயத்துப் பையன் தண்ணிக்குக் கூட்டிப் போவான், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யாராவது கேட்பார்கள், ஒருநாள் விற்கவும் நேரலாம். ஏறி ஓட்டிப் பழக்கிய குதிரையிடம் பயம் அப்படியே இருக்கும். ஓட்டுபவரின் காலும் கையும் அதை அமுக்கி வைத்திருக்கும். அந்தக் கால் இறங்கி வேறு கால் ஏறியதும் பயம் மேலே வந்துவிடும்.

அதற்குமேல் இன்னொன்று. ஸ்வீடனில் நடந்து 2009இல் வெளியான ஒரு சோதனையில், குதிரையை ஓட்டுபவர்களிடமும் நடத்திச் செல்பவர்களிடமும் "அடுத்த சுற்றில் குடை விரியும்" என்று சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனிதர்களின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரைகளின் துடிப்பும் கூடவே ஏறியது. புதிதாக ஏறுபவர், இந்தக் குதிரை மிரளும் என்று கேள்விப்பட்டுத்தான் ஏறுவார். அவர் உடம்பு இறுகுவதே குதிரைக்குச் செய்தி ஆகிவிடும். அப்படி ஏறுபவரையும் தாங்கும் அமைதி குதிரையிடமே இருக்க வேண்டும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். விற்பவர் ஏறிக் காட்டும்போது எல்லாக் குதிரையும் நல்ல குதிரைதான். விவரம் தெரிந்தவர்கள் "எங்க ஆள் ஏறட்டும்" என்பார்கள். விலை அங்கேதான் முடிவாகும்.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் விரைந்து வந்த குதிரைப்படையைப் பற்றி இந்தப் பக்கம் படிக்காதவர்கள் இல்லை. துப்பாக்கிச் சத்தத்தை நோக்கி ஓட எந்தக் குதிரையும் பிறப்பதில்லை. படைக்குதிரையின்மேல் ஏறும் ஆள் மாறலாம் என்பதால், சத்தத்துக்கும் புகைக்கும் குதிரையையே முன்கூட்டிப் பழக்க வேண்டியிருந்தது.

இனி கீழே நின்று பழக்கும் முறை. மூன்று, நான்கு மீட்டர் நீளமுள்ள தடித்த பருத்திக் கயிறு, சரியாகப் பொருந்தும் தலைக்கயிறு, மூடிய செருப்பு அல்லது பூட்ஸ், ஹெல்மெட். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரைக்கு நேர் முன்னால் நிற்காமல் தோளருகே நிற்க வேண்டும்.

ஃபிளெக்ஸ் துண்டு ஒன்றை வேலியில் கட்டிவிட்டுத் தூரத்திலிருந்து நெருங்குங்கள். காது நிமிர்ந்து, தலை உயர்ந்து, ஆனால் இன்னும் கால் நகராத ஓர் எல்லை வரும். அங்கேயே நில்லுங்கள். பார்க்கட்டும். கழுத்து இறங்கி, மூச்சை நீளமாக விட்டதும் நீங்களாகவே திருப்பிக்கொண்டு பின்வாங்குங்கள். அது பின்வாங்குவதற்கு முன் நீங்கள் பின்வாங்குவதுதான் இதில் சூட்சுமம். மறுபடி வரும்போது எல்லை தானாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கும். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனால் இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிக் காட்ட முடியும். பிடரிமயிர் முடியும் இடத்தில், முதுகு மேட்டருகே, சொறிந்து கொடுங்கள். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு இறங்கும் என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். சந்தேகம் இருந்தால் தாடையின் கீழ் ஓடும் நாடியைத் தொட்டு 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும்.

அசையும் பொருளுக்கு வேறு தந்திரம். ஒருவர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு விலகிப் போக, குதிரையை அதன் பின்னால் நடத்துங்கள். தன்னைவிட்டு ஓடும் பொருளைக் கண்டு குதிரை பெரும்பாலும் அவ்வளவு பயப்படாது, கொஞ்ச நேரத்தில் அதுவே துரத்தப் பார்க்கும். டிவிஎஸ் மொபெட், கரும்பு டிராக்டர் இரண்டுக்கும் நாங்கள் இதையேதான் செய்தோம். பலன் எங்களுக்கே வியப்பாக இருந்தது.

சின்னச் சின்னப் படிகளாகப் போவது நீளமான வேலை மாதிரித் தோன்றும். டென்மார்க்கில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு வயது ஆண்குதிரைகளிடம் அசையும் நைலான் பையை மூன்று முறைகளில் பழக்கிப் பார்த்தது. நேரடியாக முழுப் பயத்தையும் காட்டியவை, தீனியோடு சேர்த்துக் காட்டியவை இரண்டையும்விட, படிப்படியாகக் காட்டிய குதிரைகள்தான் குறைந்த தடவைகளில் பழகின. மற்ற இரண்டு முறைகளில் கடைசிவரை பழகாத குதிரைகளும் இருந்தன.

அப்புறம், கீழே நின்று பழக்கியது மேலே ஏறியதும் அப்படியே வந்துவிடாது. அதே வேலி, அதே ஃபிளெக்ஸ், இப்போது சேணத்திலிருந்து, மறுபடி தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் வேகமாக வரும். பார்வையைப் பொருளின்மேல் வைக்காமல் போகும் வழியில் வையுங்கள். கழுத்தைச் சற்று மறுபக்கம் வளைத்துக் கடந்து போங்கள். எங்கள் பெட்டையை இப்போது அக்கா மகளும் ஓட்டுகிறாள், லாயத்துப் பையனும் ஓட்டுகிறான். பேனருக்கும் தார்ப்பாய்க்கும் இருவரிடமும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கிறது.

சத்தத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். போனில் பறைமேளச் சத்தத்தை மெதுவாக வைத்து, தீனி வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். மேளத்துக்குப் பழகிவிட்டது. பட்டாசுக்கு இன்னும் முழுதாக இல்லை. ஆண்குதிரைகளிடம் நான் இந்த வேலையைச் செய்ததும் குறைவு.

ஆக, உங்கள் குதிரையில் நீங்கள் மட்டுமே ஏறுவீர்கள், சேணத்தில் ஆடாமல் உட்காரவும் லகானைப் பதமாகப் பிடிக்கவும் உங்களுக்கு நன்றாக வரும் என்றால் ஏறி ஓட்டும் வழியும் உங்களுக்குப் போதும். வீட்டில் வேறு யாராவது ஏறுவார்கள் என்றால் கீழே இறங்குங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் காலையில் கால் மணி நேரம் போதும். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் சில நாள் விடாமல் செய்யுங்கள். தை மாதம் மாடு விடும் விழா நடக்கும் நாளில் மட்டும், எவ்வளவு பழகியிருந்தாலும், குதிரையை அந்தத் தெருப்பக்கம் ஓட்டாதீர்கள்.