எடை குறைக்கும் ஊசியும் குமட்டலும்: எது உதவுகிறது, எது சும்மா?

எடை குறைக்கும் ஊசி போட ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், "எத்தனை கிலோ இறங்குச்சு?" என்பது முதல் கேள்வி. "குமட்டலுக்கு என்ன பண்றீங்க?" என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் (டிர்செபடைட்) ஜூனில் வீகோவியும் (செமாகுளுடைடு) விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பதில்தான் ஆளுக்கொன்று. இஞ்சிச் சாறு குடி, எமிசெட் வாந்தி மாத்திரை போடு, வயிற்றில் போடாமல் தொடையில் போடு, பாதி டோஸ் போதும், ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கிவிடு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. டோஸ் ஏறும் வேகத்தையும் தட்டில் விழும் அளவையும் சரிசெய்யாமல் மற்றதைச் செய்து பெரிய பலன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஊசி போடும் என் அக்காவோடு கூடவே இருந்து பார்த்ததும், மருந்துக் குறிப்புகளைப் படித்ததும் என்னை இந்த முடிவுக்குத்தான் கொண்டுவந்தன.

முதலில் அளவு தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் செமாகுளுடைடு 2.4 மி.கி. குழுவில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தது. ஆனால் வயிற்றுத் தொல்லையால் மருந்தையே நிறுத்தியவர்கள் 4.5 சதவீதம்தான். டிர்செபடைடின் சர்மவுண்ட் 1 ஆய்வில் (2022) டோஸைப் பொறுத்து 25 முதல் 33 சதவீதம் பேருக்குக் குமட்டல். பெரும்பாலும் டோஸ் ஏறும் வாரங்களில் வந்து, பிறகு தணிந்தது. ஆகவே குமட்டல் வருவதை வைத்து "இந்த ஊசி எனக்கு ஒத்துக்கல" என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்ட வேண்டியதில்லை.

குமட்டல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. காலையில் சாப்பிட்டது மதியம்வரை கிடக்கிறது. இன்னொன்று, மூளையின் அடித்தண்டில் வாந்தி உணர்வைக் கவனிக்கும் பகுதியையே இந்த மருந்து நேரடியாகத் தூண்டுகிறது. அதனால்தான் வெறும் வயிற்றோடு இருப்பவருக்கும் குமட்டுகிறது.

நாலு வாரம் முடிந்ததும் ஏற்றுவதா, நின்று ஏற்றுவதா?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. செமாகுளுடைடு 0.25-ல் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று நாலு நாலு வாரமாக ஏறும். டிர்செபடைட் 2.5-ல் தொடங்கி 5-க்குப் போகும். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 2.5 கூடும். முதல் டோஸ் உடம்பைப் பழக்குவதற்கு மட்டும்தான், எடை குறைப்பதற்கு அல்ல. இது தெரியாமல், "முதல் மாசம் ஒண்ணும் இறங்கல" என்று அவசரப்பட்டு ஏற்றுகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

செமாகுளுடைடில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டிர்செபடைடுக்கு ஐந்து நாள். எனவே டோஸ் ஏற்றிய முதல் வாரம் நன்றாகப் போனாலும், மருந்து சேரச் சேர இரண்டாவது, மூன்றாவது வாரம் மோசமாகலாம். நாலாவது வாரமும் குமட்டிக்கொண்டிருந்தால் அடுத்த படிக்கு ஏறாமல் இன்னொரு நாலு வாரம் அங்கேயே நிற்கலாம். வீகோவியின் மருந்துக் குறிப்பே இதைச் சொல்கிறது. டிர்செபடைடிலும் நாலு வாரம் என்பது குறைந்தபட்சக் கணக்குதான்.

"ஒரு மாசக் காசு வீணாப் போகுமே" என்பார்கள். போகாது. சர்மவுண்ட் 1-ல் 5 மி.கி.யிலேயே நின்றவர்களுக்கு 72 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, 15 மி.கி.க்குப் போனவர்களுக்கு 20.9 சதவீதம். இடையில் உள்ள வித்தியாசம் சிறிதல்ல, ஆனால் 5 மி.கி. தோல்வியும் அல்ல. சாப்பிட முடியாமல் சுருண்டு கிடந்து ஏறுவதைவிட நின்று ஏறுவது எவ்வளவோ மேல்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவது பாதி டோஸ். பேனா ஊசியில் கிளிக் எண்ணி நிறுத்துவது, குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைப்பது. இதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஒருமுறைக்கு மட்டுமான குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்ப்பதில்லை. ஊசி குத்திய குப்பியை வைத்து வைத்துப் போடுவது ஆபத்து. பத்து நாளைக்கு ஒன்று என்று தானாகவே தள்ளிப்போடுவதும் ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த முறை அல்ல. டாக்டரிடம் "இதே டோஸில் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா?" என்று கேட்பது எளிது, பாதுகாப்பானது.

தட்டில் எது?

அக்கா சனிக்கிழமை ராத்திரி ஊசி போட்டுவிட்டு ஞாயிறு காலை ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பந்தியில் நெய் மிதக்கும் பொங்கல், மெதுவடை, கேசரி. பசியே இல்லை, ஆனால் பரிமாறுகிறவர் விடவில்லை. "என்னக்கா, இலையில ஒண்ணுமே இல்லையே" என்று இன்னொரு கரண்டி வைத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கும் காலைப் பொங்கலின் மிளகு வாசனையோடு புளித்த ஏப்பம் வந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு வாந்தி. மறுவாரம் அதே டோஸ். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், பதினோரு மணிக்கு மோர். அந்த ஞாயிறு லேசான குமட்டலோடு கழிந்தது. ஒருவரின் அனுபவம் நிரூபணம் ஆகாதுதான். ஆனால் எண்ணெயும் நெய்யும் இரைப்பையில் நெடுநேரம் தங்கும் என்பது தெரிந்த விஷயம். ஏற்கெனவே மந்தமான இரைப்பையில் அது இரட்டைச் சுமை.

அதனால் பூரி, பொங்கல், வடை, பரோட்டா, பிரியாணி வரிசைக்கும் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி வரிசைக்கும் இடையே ஊசி போட்ட முதல் மூன்று நாளாவது இரண்டாவதுதான். ஆனால் கஞ்சியிலேயே நாளை ஓட்டினால் புரதம் போய்விடும், தசையும் சேர்ந்து கரையும். வேகவைத்த முட்டை, குழைந்த பாசிப்பருப்பு, பொரிக்காத மீன், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். சூடான குழம்பின் தாளிப்பு வாசனையே சிலருக்குக் குமட்டலைக் கிளப்பும். அவர்களுக்கு ஆறிய தயிர் சாதம் எளிதாக இறங்கும்.

மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதா, ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமா? சந்தேகமே இல்லை, கொஞ்சம் கொஞ்சம்தான். வயிறு "போதும்" என்று சொன்ன வாயிலேயே நிறுத்த வேண்டும்; மீதி ஒரு வாய்தானே என்று வழித்துச் சாப்பிடுவதுதான் பல வாந்திகளுக்குக் காரணம். தண்ணீரைச் சாப்பாட்டோடு மடமடவென்று குடிக்காமல் இடையிடையே சிறு மிடறாகக் குடிப்பது நல்லது. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிந்தால் படுக்கும்போது நெஞ்சில் ஏறாது. குமட்டலுக்குப் பயந்து நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் தீர்வல்ல. வெறும் வயிற்றிலும் குமட்டும், காலியான வயிற்றில் காபி இன்னும் மோசமாக்கும்.

இஞ்சியா, எலுமிச்சையா, ஓ.ஆர்.எஸ்.ஸா?

மூன்றுக்கும் வேலை வேறு வேறு. இஞ்சிக்குக் குமட்டலில் ஓரளவு ஆய்வு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கர்ப்பகாலக் குமட்டலில் செய்யப்பட்டது. லேசான குமட்டலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட மோர் அருமை. சுக்குமல்லி காபியும் சரி, ஆனால் சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியையும் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இஞ்சி சிலசமயம் எரிச்சலைக் கூட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவுக்கு மேல் போகக் கூடாது. எலுமிச்சையை முகர்வதில் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் இஞ்சி போதாது, ஓ.ஆர்.எஸ். வேண்டும். மருந்துக்கடையில் உலகச் சுகாதார நிறுவன அளவில் தயாரான பொடி என்று கேட்டு வாங்குங்கள். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். வைத்திருந்த சர்க்கரைப் பானங்களை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. அப்படியொரு குழப்பம் கடையில் நெடுநாளாக இருந்தது. சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவில் குடிக்க வேண்டும்.

மாத்திரைகளில் எது?

எமிசெட் (ஒண்டான்செட்ரான்), டாம்ஸ்டால் (டோம்பெரிடோன்), பெரினார்ம் (மெட்டோகுளோப்ரமைடு) மூன்றும் நம் வீட்டு மருந்து டப்பாக்களில் கிடக்கும் பெயர்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று போட்டுக்கொள்ளக் கூடியவை அல்ல.

ஒண்டான்செட்ரான் வாந்தியைச் சட்டென்று நிறுத்தும். ஆனால் மலச்சிக்கலைக் கொண்டுவரும். ஸ்டெப் 1-ல் செமாகுளுடைடு போட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே மலச்சிக்கல். வயிறு கட்டிக்கொண்டால் உப்புசம் ஏறும், உப்புசம் மறுபடி குமட்டலில் முடியும். ஆகவே ஒரு கெட்ட நாளைத் தாண்டுவதற்கு இது நல்லது, தினசரிப் பழக்கத்துக்கு அல்ல.

டோம்பெரிடோன் இரைப்பையை முன்னே தள்ளிவிடும் மருந்து. மந்தமான வயிற்றுக்கு இது பொருத்தம் என்று தோன்றுவது நியாயம். இதயத் துடிப்பைக் குலைக்கும் அபாயம் இருப்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் ஒரு நாளைக்கு 30 மி.கி., பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது. நம்மூரில் "கேஸ் மாத்திரை" என்று காலையில் விழுங்கும் பான்-டி வகைக் காப்ஸ்யூலில் பான்டோபிரசோலோடு 30 மி.கி. டோம்பெரிடோனும் சேர்ந்தே இருக்கிறது. அதன்மேல் டாம்ஸ்டாலும் போட்டால் வரம்பு தாண்டிவிடும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மெட்டோகுளோப்ரமைடும் இரைப்பையைத் தள்ளும், ஆனால் மூளைக்குள் நுழையும். இளவயதினருக்குக் கழுத்தும் தாடையும் திருகிக்கொள்வது, வயதானவர்களுக்கு நடுக்கம் என்று பக்கவிளைவுகள் உண்டு. பார்க்கின்சன் உள்ளவர்கள் தொடவே கூடாது. மூன்றில் இதை நான் கடைசியில் வைப்பேன். எதுவானாலும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டி டாக்டர் எழுதித் தந்த பிறகுதான்.

மற்றவை

தொடையா, வயிறா? மருந்து உடம்பில் சேரும் அளவில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. தொடையில் நன்றாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ராத்திரி போட்டுத் தூங்கிவிடும் யோசனை செமாகுளுடைடுக்குப் பொருந்தாது. அதன் உச்சம் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான். கிழமையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலன்: அடுத்த இரண்டு மூன்று நாளில் விருந்தோ நீண்ட பஸ் பயணமோ இல்லாத கிழமை.

மருந்தையே மாற்றலாமா? நேருக்கு நேர் நடந்த சர்மவுண்ட் 5-ல் (2025) வயிற்றுத் தொல்லையால் நிறுத்தியவர்கள் டிர்செபடைடில் 2.7 சதவீதம், செமாகுளுடைடில் 5.6 சதவீதம். எடையும் டிர்செபடைடில்தான் அதிகம் குறைந்தது: அதில் 20.2 சதவீதம், செமாகுளுடைடில் 13.7 சதவீதம். மெதுவாக ஏற்றியும் முடியவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது நியாயமே.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். மெட்ஃபார்மினே குமட்டலைத் தரும். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் குற்றவாளி யார் என்று தெரியாது. கிளிமிபிரைடோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையை வாந்தி நாட்களில் நிறுத்திவைக்க வேண்டிவரும். வாந்தி வரும் நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று ஊசி தொடங்கும் அன்றே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இன்னும் ஒன்று: டிர்செபடைட் தொடங்கியும் ஒவ்வொரு முறை ஏற்றியும் நாலு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. மாதவிடாய் தள்ளிப்போய்க் குமட்டினால், ஊசி என்று நினைத்துவிடாமல் பரிசோதித்துப் பாருங்கள்.

முதுகுவரை பாயும் கடும் வயிற்றுவலி, வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல் அல்லது மஞ்சள் கண், தண்ணீர்கூட நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து தலைசுற்றல் ஆகியவற்றுக்கு வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம். கணையமோ பித்தப்பையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குமட்டலால் ஊசியை இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டவர்கள் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்க வேண்டாம். பழகியிருந்த உடம்பு அதற்குள் பழக்கம் விட்டிருக்கும். கீழ் டோஸிலிருந்து மறுபடி ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.