பழைய தூண் கட்டில்: தேக்கா, இரும்பா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத் துரை பங்களாவோ கிராணி (தோட்ட எழுத்தர்) வீடோ காலியானால், நான்கு மூலையிலும் உயரத் தூண் நிற்கும் தேக்குத் தூண் கட்டிலும் வரும், இரும்புத் தூண் கட்டிலும் வரும். இரண்டிலும் கொசுவலை கட்டலாம், இரண்டும் பாரம், இரண்டிலும் இன்றைய குவீன் மெத்தை சரியாக உட்காராது. அழகு அவரவர் கண். மூலை இணைப்பு கெட்டால் நம் ஊரில் சரிசெய்ய முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் என் சாய்வு தேக்குப் பக்கம்.

தேக்குக் கட்டிலில் தூண்களை இணைக்கும் சட்டத்தின் முனை நாக்காகச் செதுக்கப்பட்டுத் தூணின் துளைக்குள் நுழையும். பசை கிடையாது. வெளியிலிருந்து தூணைத் துளைத்து வரும் நீள போல்ட், சட்டத்துக்குள் புதைத்த நட்டில் முறுகும். ஒரே தூணில் இரண்டு சட்டம் சேர்வதால், போல்ட்டுகள் முட்டாதபடி ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. கட்டில் ஆடினால் உடனே மரத்தைக் குறை சொல்லாதீர்கள். நட்டு தன் குழிக்குள் சுற்றிக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டில் கடின மர ஆப்பு வைத்தால் நின்றுவிடும். மரை தேய்ந்திருந்தால் போல்ட், நட்டு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 3/8 அங்குல நட்டில் 10 மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் இரண்டும் பாழ். நாக்கே உடைந்தாலும் தச்சர் புது மரம் சேர்த்துவிடுவார்.

கரையான்? தேக்கின் வைரப்பகுதியை எளிதில் தொடாது, ஓரத்து வெளிர் பகுதியைத் தின்னும். தூணின் பாதத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தைக்கு அடிப்பலகை பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம். பதப்படுத்தாத ரப்பர் மரமாக இருந்து மாவு கொட்டினால் துளைவண்டு. கழற்றி வீசுங்கள்.

இரும்புக் கட்டிலில் சட்ட முனையில் ஆப்பு வடிவ வார்ப்பு, தூணில் அதற்கேற்ற கூடு. மேலிருந்து தட்டினால் இறுகும், ஸ்பேனரே வேண்டாம். அருமையான அமைப்பு, துருப்பிடிக்கும் வரை. இறுகிப்போனதை இரும்புச் சுத்தியால் அடித்தால் கூடு வெடிக்கும். அது வார்ப்பிரும்பு; கேட் செய்யும் பட்டறையில் சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டினால் ஆறும்போதே பக்கத்தில் விரிசல் விடும். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். சட்டம் வளைந்தால் கவலையில்லை, அதை எந்தப் பட்டறையிலும் நிமிர்த்தலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள்.

பித்தளைத் தூண் பற்றி அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன், இந்தப் பக்கம் அது அபூர்வம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்பது மட்டும் நிச்சயம்.

கூடுகள் எல்லாம் முழுசாக இருந்து, கட்டிலை அடிக்கடி இடம் மாற்றப் போவதில்லை என்றால் இரும்பையும் எடுக்கலாம். விலை பேசும் முன் விற்பவரையே ஒரு சட்டத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.