நம்பிக்கையான சைட்டுக்கு ஃபைல் அனுமதி: அப்லோடா, ஃபோல்டரா, இல்ல பிரவுசர் பாதுகாப்பையே தளர்த்திடலாமா?

ஒரு சைட்ட நம்புறோம், கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல அது தொறந்து திருத்தி அதே இடத்துல சேவ் பண்ணணும், ஆனா பிரவுசர் விடமாட்டேங்குது. என்ன பண்றதுன்னு தேடினா ஆளுக்கொரு வழி சொல்றாங்க, அதுல பாதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துல எழுதினது, இன்னும் கொஞ்சம் நம்ம வீட்டுக் கதவையே கழட்டி வைக்கச் சொல்றது. எல்லாத்தையும் நானே போட்டுப் பாத்ததுல தோணினத எழுதறேன்.

முதல்ல சாதா அப்லோட். எந்த செட்டிங்ஸும் தொடவேணாம், எல்லா பிரவுசர்லயும் ஓடும், நீங்க தேர்ந்தெடுத்த ஃபைலத் தவிர வேற எதையும் சைட்டால பாக்க முடியாது, அந்த ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னுகூட சொல்லாம ஃபேக்பாத்னு ஒரு பொய்யான பாதையத்தான் பிரவுசர் காட்டும். பாதுகாப்புல இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா சைட்டுக்குப் போறது காப்பிதான், திருத்தினத திரும்ப டவுன்லோட் பண்ணணும், பண்ணப்பண்ண ஒண்ணு ரெண்டு மூணுன்னு பேரு பின்னாடி நம்பர் சேந்துட்டே போகும். ஒருதடவ என்னோட நோட்ஸ் ஃபைல் ஏழாம் நம்பர் வரைக்கும் போயிடுச்சு, எது கடைசின்னு தெரியாம அஞ்சாம் நம்பர்ல உக்காந்து ஒருமணிநேரம் திருத்தியிருக்கேன், அதுக்கப்புறம்தான் வேற வழி தேடவே ஆரம்பிச்சேன். எப்பவாவது ஒரு ஃபைல்னா இதுவே போதும், மேல படிக்கக்கூட வேணாம்.

தினமும் வேலைன்னா குரோம், எட்ஜ்ல இருக்கற ஃபோல்டர் அனுமதிதான். சைட் நம்ம ஃபைல நேரா படிச்சு எழுத பிரவுசர் குடுக்கற வசதி இது, ஃபைல் சிஸ்டம் ஆக்சஸ் ஏபிஐன்னு பேரு, 2020ல குரோம் 86லேர்ந்து இருக்கு. இதுக்கு முன்கூட்டியே எங்கயும் போய் எதையும் ஆன் பண்ணவேணாம், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. சைட் எச்டிடிபிஎஸ்ல இருக்கணும், நீங்களா ஒரு பட்டன அழுத்தணும், ஃபோல்டர் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் பாக்கறதுக்கு ஒரு அனுமதி, எழுதறதுக்கு இன்னொரு அனுமதின்னு தனித்தனியா கேக்கும். முன்னாடி அந்த சைட்டோட டேப் எல்லாத்தையும் மூடினா அனுமதியும் போயிடும், மறுநாள் திரும்ப முதல்லேர்ந்து. 2024ல குரோம் 122 வந்தப்புறம், அதே ஃபோல்டர சைட் மறுபடி கேக்கறப்போ 'இந்தத் தடவை மட்டும்', 'ஒவ்வொரு தடவையும்', 'வேணாம்'னு மூணு பட்டன் வருது. நான் ரெண்டாவதத்தான் போட்டிருக்கேன், ஆனா ஒரே ஒரு சைட்டுக்கு.

சேவ் ஆகறதப் பாக்கணும்னா ஃபோல்டர பக்கத்துலயே தொறந்து வெச்சுக்கங்க, சிஆர்ஸ்வாப்னு முடியற ஒரு ஃபைல் தலையக் காட்டிட்டு மறையும். முதல்ல தற்காலிக ஃபைல்ல எழுதி முடிச்சுட்டு அப்புறம்தான் ஒரிஜினல் இடத்துல மாத்தி வைக்குது, அதனால பாதியில டேப் மூடினாலும் பழைய ஃபைல் பத்திரமா இருக்கும். ஆனா ஒருதடவ மாத்தி வெச்சிட்டா பழசு போச்சு, ரீசைக்கிள் பின்ல தேடினாலும் கெடைக்காது.

அதனால ஃபோல்டர் அனுமதின்னா அதுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர், அதுக்கு ஒரு பேக்கப், இது ரெண்டும் இல்லாம நான் குடுக்கறதே இல்ல. உள்ள இருக்கற சப்ஃபோல்டர் எல்லாத்துக்கும் சேத்துத்தான் அனுமதி போகுது, அத மறந்துடாதீங்க. டவுன்லோட்ஸயோ டாக்குமென்ட்ஸயோ முழுசா குடுக்கப் பாத்தா குரோமே மறுத்துடும், சிஸ்டம் ஃபைல் இருக்குன்னு காரணம் சொல்லும், உள்ள தனி ஃபோல்டர் போட்டுக் குடுத்தா ஏத்துக்கும். இந்த வழியிலயே ரான்சம்வேர் (ஃபைல்களப் பூட்டி வெச்சுட்டு காசு கேக்கற வைரஸ்) மாதிரி பிரவுசருக்குள்ளேர்ந்து ஃபைல்கள என்கிரிப்ட் பண்ணமுடியும்னு, அதாவது நாம தொறக்க முடியாதபடி பூட்டமுடியும்னு, 2023ல யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டிங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டுல ஆய்வுக்கட்டுரையே வந்திருக்கு, சும்மா பயமுறுத்தல.

ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆளுங்களுக்கு இந்த ஃபோல்டர் வழியே கெடையாது, எந்த செட்டிங்ஸ் மாத்தினாலும் வராது, தேடி நேரத்த வீணாக்காதீங்க. சைட் தனக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு மறைவான சேமிப்பிடம் வெச்சுக்க மட்டும் விடறாங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல அது 2023ல 111ஆம் வெர்ஷன்ல வந்துச்சு, உங்க ஃபோல்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ப்ரோகிராம் எழுதற எடிட்டரான விஎஸ் கோடோட பிரவுசர் வெர்ஷன ரெண்டு பக்கமும் தொறந்து பாத்தீங்கன்னா வித்தியாசம் உடனே புரியும், குரோம்ல மொத்த ப்ராஜெக்ட் ஃபோல்டரும் தொறக்கும், ஃபயர்ஃபாக்ஸ்ல ஒத்த ஃபைலா அப்லோட், டவுன்லோட்தான். பிரேவ் குரோமோட அதே இன்ஜின்தான், ஆனா இந்த வசதிய அணைச்சே வெச்சிருக்காங்க, ஃப்ளாக்ஸ்ங்கற சோதனை வசதிகள் பக்கத்துல (brave://flags) போய் ஆன் பண்ணணும்.

'டிரஸ்டட் சைட்ஸ்ல சேருங்க'ன்னு சிலபேரு சொல்றது விண்டோஸ்ல இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி டேப்னு போற பழைய வழி. ஆக்டிவ்எக்ஸ்ங்கற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்து நுட்பத்துல ஓடற பழைய ஆபீஸ் சைட்டுக்கு எட்ஜ்ல ஐஇ மோட் (எக்ஸ்ப்ளோரர் மாதிரியே பக்கத்தத் தொறக்கறது) போடறவங்களுக்கு அது இன்னமும் வேணும், நாமளா எட்ஜோட ஐஇ மோட் லிஸ்ட்ல சேத்த பக்கம் 30 நாள்ல தானா விழுந்துடும், திரும்ப சேக்கணும். ஆனா டிரஸ்டட் சைட்ஸ்ல சேத்ததுனால குரோம்ல ஃபைல் அனுமதி வந்துடாது. ரெண்டும் வேற வேற உலகம்.

கடைசியா, குரோம தொறக்கற ஷார்ட்கட்டோட கட்டளை வரில 'டிசேபிள் வெப் செக்யூரிட்டி'ன்னு ஒட்டிவிடற வித்தை. இது உங்க நம்பிக்கையான சைட்டுக்கு மட்டும் கதவு தொறக்கறது இல்ல, அந்த பிரவுசர்ல தொறக்கற எல்லா சைட்டுக்கும் நடுவுல இருக்கற சுவர இடிக்கறது, ஒரு டேப்ல பேங்க், இன்னொண்ணுல எவனோட சைட்டோ இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அதுவும் போக, நம்ம ஃபைல எழுதற அனுமதி இதுல கெடைக்கறதே இல்ல. கம்ப்யூட்டர்லயே இருக்கற எச்டிஎம்எல் பக்கம் பக்கத்து ஃபைல படிக்கலைன்னுதான் பலபேரு இதுக்குப் போறாங்க, அதுக்கு பைத்தான்ல ஒத்த வரி கமாண்ட்ல ஒரு லோக்கல் சர்வர் (நம்ம ஃபோல்டர நம்ம கம்ப்யூட்டர்லயே சைட் மாதிரி தொறக்கறது) ஓட்டிட்டாலே வேலை முடிஞ்சுது.

ஏற்கனவே எங்கயாவது 'ஒவ்வொரு தடவையும்' குடுத்துட்டு மறந்திருந்தா, குரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் பர்மிஷன்ஸ், ஃபைல் எடிட்டிங்னு போங்க. எந்த சைட் கையில என்ன இருக்குன்னு லிஸ்ட் வரும், வேணாம்னு தோணறத அங்கயே தூக்கிடலாம்.