தூரம் அளக்க எந்த ஐஆர் சென்சார்: ஷார்ப்பா, விஎல்53எல்0எக்ஸா?

ஆர்டுயினோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் தூரம் அளந்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது, ஒரு எல்இடியும் கறுப்பாக, வெளிச்சத்தை உணரும் ஒரு போட்டோடயோடும் நடுவில் நீலத்தில் ஒரு திருகும் இருக்கும் மலிவான ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) மாட்யூலைத்தான். அதை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். அதிலுள்ள எல்எம்393 என்ற சிப் ஒரு கம்பேரட்டர், அதாவது ஒப்பிட்டு மட்டும் பார்ப்பது. திரும்பி வரும் வெளிச்சம் நீங்கள் திருகி வைத்த அளவைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லும். வெள்ளைச் சுவரை ஒரு சாண் தள்ளியிருக்கும்போதே கண்டுபிடித்துவிடும் அதே மாட்யூல், கறுப்புச் செருப்பை ரொம்பக் கிட்டே வந்தபிறகுதான் கவனிக்கும். தடை இருக்கிறதா என்று பார்க்க நல்ல பொருள், தூரம் அளக்க அல்ல.

உண்மையான போட்டி ஷார்ப், விஎல்53எல்0எக்ஸ் என்ற மற்ற இரண்டு ஐஆர் சென்சார்களுக்கும் இடையில்தான்.

ஷார்ப்பின் ஜிபி2ஒய்0ஏ21 வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று அது பார்ப்பதில்லை, திரும்பி வந்த புள்ளி லென்ஸுக்குப் பின்னால் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கிறது. பொருள் கிட்டே வந்தால் கோணம் மாறும், புள்ளி நகரும், அவ்வளவுதான். அதனால்தான் சுவர் வெள்ளையா பழுப்பா என்பது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மூன்றே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். அனலாக் பின்னில் செருகினால் எண் வந்துவிடும்.

ஆனால் அந்த எண்ணைத் தூரமாக மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது. 10 செ.மீ.யில் சுமார் 2.3 வோல்ட், 80 செ.மீ.யில் சுமார் 0.4 வோல்ட், நடுவில் நேர்கோடு இல்லை, வளைந்து இறங்கும் கோடு. ஆர்டுயினோ ஊனோ போர்டில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 10 பிட் ஏடிசியில் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். 10 செ.மீ. பக்கத்தில் ஒரு செ.மீ. நகர்ந்தால் நாற்பது படி மாறும், 80 பக்கம் போனால் ஒரு செ.மீ.க்கு ஒரே ஒரு படிதான் கிடைக்கும். எனவே 80 வரை என்று போட்டிருந்தாலும் 50ஐத் தாண்டினால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். கிட்டப் பார்க்க 4 முதல் 30 செ.மீ. வரை அளக்கும் ஏ41, தள்ளிப் பார்க்க 20 முதல் 150 செ.மீ. வரை அளக்கும் ஏ02 என்று தம்பி அண்ணன்கள் உண்டு, வாங்கும்போது எண்ணைச் சரிபாருங்கள்.

இன்னொரு வம்பு, 10 செ.மீ.க்கும் உள்ளே ரொம்பக் கிட்டே வந்தால் கோடு மடங்கிக் கீழே இறங்கும். இந்தச் சென்சார் மாட்டிய குட்டிக் கார் சுவரில் முட்டப்போகும்போது, சுவர் எங்கோ தள்ளி இருக்கிறது என்று நினைத்து வேகம் எடுக்கும். இதைப் புரோகிராமில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சென்சாரைக் காரின் முன் விளிம்பிலிருந்து 10 செ.மீ. பின்னால் தள்ளி மாட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இணையத்தில் கிடைக்கும் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். தரையில் ஸ்கேலை வைத்து, வெள்ளை அட்டையை 5 செ.மீ. இடைவெளியில் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் இருபது அளவு எடுத்து நடு மதிப்பைக் குறித்து, உங்கள் சென்சாருக்கு உங்கள் அட்டவணையை நீங்களே தயாரியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. எந்த மின்சாரத்தில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே செய்யுங்கள். யுஎஸ்பியில் எடுத்த அட்டவணை பேட்டரிக்கு மாறியதும் பொய் சொல்லும், ஏனென்றால் ஏடிசி ஒப்பிட்டுப் பார்க்கும் 5 வோல்ட்டே மாறிவிடுகிறது. அப்புறம், சென்சார் விட்டு விட்டு மின்சாரத்தை இழுக்கும், அதன் காலடியிலேயே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் அளவின் துள்ளல் வெகுவாகக் குறையும்.

விஎல்53எல்0எக்ஸ் வேறு வழியில் போகிறது. லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தையே அளக்கிறது. ஒரு செ.மீ. தூரத்துக்குப் போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் சுமார் 67 பிக்கோவினாடி. ஊனோவின் ஒரு கடிகாரத் துடிப்புக்குள் ஒளி 18 மீட்டருக்கு மேல் ஓடிவிடும், ஆக நம் மைக்ரோகண்ட்ரோலரால் இதை எண்ணவே முடியாது. எல்லாவற்றையும் அந்தச் சிப்பே உள்ளே முடித்து, ஐ2சி என்ற இரண்டு ஒயர் தொடர்பு வழியாக மில்லிமீட்டரில் விடையைக் கொடுத்துவிடுகிறது. வளைவு இல்லை, அட்டவணை இல்லை. வீட்டுக்குள் வெள்ளைச் சுவர் என்றால் ஒரு மீட்டருக்கு மேலும் நன்றாகப் பார்க்கும். கறுப்புத் துணி என்றால் எட்டும் தூரம் குறையும். வெயிலில் இன்னும் குறையும்.

கவனிக்க வேண்டியது அதன் பார்வை அகலம். 25 டிகிரி என்றால் ஒரு மீட்டர் தள்ளி 44 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். தரைக்குப் பக்கத்தில் மாட்டினால் தரையையே தடையாகச் சொல்லும். ஷார்ப்பின் கதிர் ஒல்லியானது, நாற்காலிக் காலைக்கூடத் தனியாகப் பிரித்துக் காட்டும், ஆனால் அதனாலேயே அந்தக் காலைப் பார்க்காமல் தாண்டியும் போகும். விஎல் இரண்டு மாட்டினால் இரண்டுக்கும் ஐ2சியில் ஒரே முகவரி, 0x29. சென்சாரைத் தூங்கவைக்கும் எக்ஸ்ஷட் பின்னை வைத்து ஒவ்வொன்றாக எழுப்பி முகவரி மாற்ற வேண்டும், மின்சாரம் போய்வந்தால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அல்ட்ராசானிக் எச்.சி-எஸ்ஆர்04 பற்றியும் கேட்பீர்கள். கண்ணாடிக் கதவு, தண்ணீர்த் தொட்டி என்றால் யோசிக்காமல் அதுதான், அந்த இரண்டிலும் ஐஆர் தடுமாறும். திரைச்சீலை, பஞ்சு மெத்தை என்றால் அல்ட்ராசானிக் தடுமாறும். எதிரொலி வர ஆகும் மைக்ரோவினாடிகளை 58ஆல் வகுத்துச் செ.மீ. காணும் வழக்கமான கணக்கு அறை வெப்பத்துக்கானது. 38 டிகிரி வெயிலில் ஒரு மீட்டரை 97 செ.மீ. என்று காட்டும்.

கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் ஷார்ப் வாங்குங்கள். அந்த வளைவை உங்கள் கையால் வரைந்து பார்க்கும்போதுதான் ஏடிசி, மின்னழுத்தம், பிழை எல்லாம் புரியும். வீட்டில் தினமும் ஓடப்போகும் கருவி என்றால் விஎல். அதன் சிப்பின்மேல் மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு தப்பாக வரும், நீங்கள் புரோகிராமில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.